இரண்டு பி.வி.

அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் மாட்டிக்கொண்டு திரியும் நமக்குக் படிவங்களில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைப் பார்த்தாலே குழப்பம்தான். பாஸ்போர்ட்டில் தொடங்கி எல்லா இடத்திலும் இதே கூத்துதான். வள்ளியின் நிம்மதி போனதும் அந்தக் கட்டத்தில்தான்.

வள்ளி, வேங்கிக்காலில் குடியிருப்பவள். திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியை. பொன்னி அவளோடு வேலை பார்த்த ஆராய்ச்சி மாணவி, கீழ்பென்னாத்தூர்க்காரி. வேர்க்கடலை இலையில் விழும் புள்ளி நோயை இருவரும் மூன்று வருடம் ஆராய்ந்தார்கள். கடலைக்கு நடுவே ஊடுபயிராகக் கம்பு விதைத்த கொல்லையில் புள்ளி கம்மியாக இருக்கிறதே என்று முதலில் யோசித்தவள் பொன்னி. கொல்லை கொல்லையாக நடந்து இலை பறித்ததும், ஆய்வகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியையும் வாய்விட்டு எண்ணியதும் அவள்தான். வள்ளி செய்தது எழுத்து. நல்ல எழுத்துதான், குறை சொல்ல முடியாது.

கட்டுரையை ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பும்போது ஆளுக்கொரு படிவம் நிரப்பினார்கள். பொன்னி சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். தன் பெயரை முதலிலும் அப்பா வளவனின் எழுத்தைப் பின்னாலும் போட்டாள். வள்ளியோ பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியபடி அப்பா பரசுராமனின் எழுத்தை முன்னால் போட்டாள். ஆக, ஆங்கில முதலெழுத்துகளில் இருவருமே பி.வி. ஆகிவிட்டார்கள்.

இரண்டு மாதத்தில் பொன்னி டெங்குவில் போய்விட்டாள். இருபத்தாறு வயது. அதற்குப் பிறகுதான் அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது. அதன் கடைசியில், யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியல். யோசனை: பி.வி. களப்பணி: பி.வி. கணக்கெடுப்பு: பி.வி. எழுத்து: பி.வி. கட்டுரையில் மூத்தவள் வள்ளியின் பெயர்தான் முதலில் இருந்தது. பார்க்கிறவர்கள் நான்கையும் அவள் கணக்கில்தான் சேர்ப்பார்கள். திருத்தம் இருந்தால் சொல்ல இரண்டு நாள் அவகாசம். வள்ளிக்குப் பார்த்தவுடனே புரிந்தது. நான் ஒன்றும் பொய் எழுதவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சம்மதம் என்று பதில் போட்டாள்.

அந்த வாரமே எண்ணுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. மதியம் கரண்ட் போய் ஃபேன் நின்றால் போதும், ஆய்வக மூலையிலிருந்து பொன்னியின் குரல்: "பதினேழு, பதினெட்டு, பத்தொம்பது..." திரும்பிப் பார்த்தால் காலி ஸ்டூல். வள்ளி பயந்தாள். பேய்க்கு அல்ல. அந்தக் குரலில் கோபமே இல்லையே, அதற்கு.

பதவி உயர்வு நேர்காணலில் வெளியூர் நிபுணர் ஒருவர் கட்டுரையைப் புரட்டிக்கொண்டே, "யோசனை ரொம்ப நல்லா இருக்குங்க. இந்த பி.வி. நீங்கதானே?" என்றார்.

"ஆமாங்க," என்றாள் வள்ளி. வெளியே வந்து குழாயில் முகம் கழுவினாள்.

மறுவாரம் பொன்னியின் அம்மா கன்னியம்மாள் பஸ் பிடித்துக் கல்லூரிக்கே வந்துவிட்டாள். "புக்குல எம்பொண்ணு பேரு வந்திருக்குதுன்னு சொன்னாங்க. எங்கன்னு காட்டும்மா."

வள்ளி பட்டியலில் விரல் வைத்துக் காட்டினாள். "இது அவ யோசிச்சது. இது அவ கொல்லைங்கள்ல நடந்தது. இது அவ எண்ணினது."

"கடைசியா இருக்கிறது இன்னா?"

"அது நான் எழுதினதும்மா."

கன்னியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது, கண் தெரியும். "நாலும் ஒரே மாதிரி இருக்குதே. எது அவ, எது நீன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. எல்லாம் நான்தான்னு நெனச்சிக்கிறாங்க. என்னைக் கேட்டப்ப நானும் ஆமான்னுட்டேன்."

கன்னியம்மாள் திட்டவில்லை. "உன்ன அக்கா, அக்கான்னுதான் சொல்லிக்கினு இருப்பா," என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வள்ளி பிழைத்திருப்பாள்.

அன்றே இதழுக்கும் கல்லூரி முதல்வருக்கும் எழுதினாள். எது யாருடைய வேலை, தெரிந்தே மறைத்தது யார், பொன்னி இன்று உயிரோடு இல்லை, எல்லாவற்றையும் எழுதினாள். பதவி உயர்வு நின்றது. ஆசிரியர் அறையில் அவளோடு பேச்சும் நின்றது.

மூன்று மாதம் கழித்துத் திருத்தத்தின் அச்சுக்கு முந்தைய பிரதி வந்தது, அதே இரண்டு நாள் அவகாசத்தோடு. யோசனை, களப்பணி, கணக்கெடுப்பு மூன்றும் பொன்னியின் முழுப் பெயரில் இருந்தன. எழுத்து மட்டும் வள்ளி. ஆனால் எங்கோ உட்கார்ந்திருந்த யாரோ மறுபடியும் அந்த இரண்டு எழுத்தில் தடுக்கி விழுந்திருந்தார். வள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிலுவைக் குறி, அடியில், 'காலமானார்'.

அந்தத் தாளில் பொன்னி உயிரோடு இருந்தாள். வள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சரிசெய்ய வேண்டுமென்றால், குறியை என் பெயரிலிருந்து எடுத்துப் பொன்னியின் பெயருக்கு மாற்றுங்கள் என்று அவள் கையாலேயே எழுத வேண்டும். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பொன்னியிடமிருந்து எடுத்ததில் மிச்சம் அந்தச் சாவு ஒன்றுதான். அவகாசம் முடிவதற்குள் அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.