என் இசையைச் சாவுக்குக் கேட்டார்கள்

எலக்ட்ரானிக் இசை செய்கிறேன் என்று சொன்னால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் நான் கல்யாண வீட்டில் கீபோர்டு வாசிப்பவள் என்று நினைப்பார்கள். மீதிப் பேர் மைக்செட் வாடகைக்கு விடுகிறவள் என்று நினைப்பார்கள். திருத்திச் சொல்லி அலுத்துவிட்டது. பகலில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் பில் போடுகிறேன். சாயங்காலம் ஒரு லேப்டாப், ஒரு பழைய சின்தசைசர், ஒரு பறை. பறையின் தோலுக்குப் பின்னால் சின்ன மைக் ஒன்றை ஒட்டியிருப்பேன். அடிக்கிற அடி லேப்டாப்புக்குள் போகும். அதை இழுப்பேன், உடைப்பேன், தலைகீழாகத் திருப்புவேன். அடியில் நூல் மில்லின் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்கிறவர்களுக்கு முதலில் எரிச்சல் வரும். வரட்டும்.

மில் இரைச்சல் அப்பாவுடையது. ரிட்டயர் ஆகும்வரை நூல் மில்லில்தான் இருந்தார். அதற்கு முன்னால், சோழபுரம் தாண்டி ஒரு கிராமத்தின் தெற்குத்தெருவில், அவருடைய அப்பாவோடு சாவுக்குப் பறை அடித்துக்கொண்டிருந்தார். விரும்பிச் செய்த வேலை இல்லை. மேலத்தெருவில் யாராவது செத்தால் ஆள் வரும். போயாக வேண்டும். சுடுகாடுவரை அடித்துக்கொண்டே நடக்க வேண்டும். மிஞ்சிய சோற்றை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறிவிட்டார். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. வந்துவிட்டார், அவ்வளவுதான். பறை அங்கேயே கிடந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

ஆனால் விரல்கள் விடவில்லை. டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் தட்டுவார். இரண்டு அடி மெதுவாக, ஒரு நிறுத்தம், அப்புறம் யாரோ விழுந்தடித்து ஓடுகிற மாதிரி ஒரு கொத்து. "என்னப்பா அது?" என்று கேட்டால் கையை மடிக்குள் வைத்துக்கொள்வார். நான் என் இசையைக் கட்டியது அந்தத் தாளத்தின்மேல்தான்.

நான் பறை வாங்கி வந்த அன்று வீட்டில் பெரிய சண்டை.

"எத விட்டுட்டு ஓடியாந்தேனோ அதக் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்கா பாரு ஒம்மக" என்று அம்மாவிடம் கத்தினார்.

"இது நம்ம கலைப்பா. வெக்கப்பட என்ன இருக்கு?" என்றேன்.

"கலையாம்ல கலை. நீயா விரும்பிப் போயி அடிச்சா கலை. எங்களக் கூட்டிட்டுல்லா போனானுவ."

ஒன்றை மட்டும் நம்பினேன். மேடையில் வைத்து அடித்து ஊரே கைதட்டினால் அந்தப் பறையை விட்டுச் சாவு போய்விடும். அப்பா அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், தலை நிமிர்ந்து உட்கார்ந்து அந்தத் தாளத்தைத் தட்டுவார். ரொம்ப நாள் கெஞ்சி, போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு அவரைக் கூட்டிப் போனேன். வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் துண்டோடு, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நல்லாத்தான் வாசித்தேன். அப்பாவின் அடியை முதலில் வெறும் பறையில் அடித்தேன். பிறகு லேப்டாப் அதைப் பிடித்துக்கொண்டது. மில் இரைச்சல் ஏற ஏற, தரை அதிர்ந்தது. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருவர் மேடைக்கே வந்துவிட்டார். நிகழ்ச்சிக்கு உதவி செய்த பெரிய மனிதர்களில் ஒருவர். ராஜபாளையத்தில் கம்பெனி வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும்.

"மேடம், பிரமாதம். நெஞ்சுக்குள்ள போயி இடிக்கு" என்றார். எனக்குச் சந்தோஷம்தான்.

அப்போது அப்பா மேடையேறி என் வயர்களைச் சுருட்ட வந்தார். அவரைப் பார்த்ததும் அந்த ஆளின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏலே, நீ நம்மூரு தெக்குத்தெருக்காரன்ல? அதான பாத்தேன்! இந்த அடிய எங்கயோ கேட்டிருக்கமேன்னு யோசிச்சுட்டே இருந்தேன். எங்க தாத்தாவத் தூக்கும்போது ஒங்க அய்யன் அடிச்சதுல்லா இது! அந்த ரெண்டு அடி வந்து நிக்கும் பாரு, அப்பமே புல்லரிச்சிட்டு எனக்கு."

நான் மேடம். அவரைவிடப் பத்து வயதாவது மூத்த என் அப்பா, ஏலே. ஒரே மூச்சில் இரண்டும் வந்தது.

அதோடு விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "எங்க அய்யாவுக்கு முடியல மேடம். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இப்பல்லாம் நம்மூர்ல கொட்டடிக்க ஒரு பய இல்ல. நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க. கம்ப்யூட்டரையும் கொண்டாங்க, மாடர்னா இருக்கும். அய்யாவ மரியாதையா அனுப்பி வச்சாப்புல இருக்கும்."

அவர் கேலி செய்திருந்தால் அங்கேயே கிழித்திருப்பேன். அவர் கண் கலங்கியிருந்தது. எங்களைக் கௌரவப்படுத்துவதாகவே அவர் நினைத்தார்.

அப்பாவைப் பார்த்தேன். துண்டு தோளில் இல்லை. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை, அக்குளில் சுருட்டி வைத்திருந்தார். முதுகு வளைந்திருந்தது. "ஆகட்டும்ங்க அய்யா" என்றார்.

எனக்குக் கத்த வரும், யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றைக்குக் குனிந்து மீதி வயர்களைச் சுருட்டினேன். அந்த முதுகை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்த ஆள் யாரிடமோ என் நம்பரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்கூட்டரில் திரும்பி வரும்போதுதான் எனக்குப் பேச்சு வந்தது.

"எதுக்குப்பா ஆகட்டும்னு சொன்ன?"

"வாய் தானா சொல்லிட்டு."

"சின்னப்பய ஒன்னைய ஏலேங்கான். நீ அவன அய்யாங்குற."

"நான் யாருன்னு அவனுக்கு மறந்தே போச்சு. நீதானட்டி மைக்கு வச்சு ஞாபகப்படுத்துன" என்றார்.



அடுத்த வாரமே போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தெரியாத நம்பர், ஆனால் பார்த்ததும் யாரென்று புரிந்துவிட்டது. இந்தத் தடவை விடக்கூடாது என்று எடுத்தேன். அப்பா எச்சில் கையோடு என்னைத் தடுத்தார். "ஸ்பீக்கர்ல போடு. நான் பேசுதேன்."

"அய்யா போயிட்டாருல. இங்க ராசபாளையத்து வீட்லருந்துதான், நாலு மணிக்கு எடுக்கோம். எப்பம் வாரீக?"

அவர் மறுபடியும் ஆகட்டும் என்றுதான் சொல்வார் என்று பயந்தேன்.

"வரமாட்டோம்ங்க அய்யா."

"என்னது?"

"வரமாட்டோம். எம்மகளும் வரமாட்டா. கொட்டடிக்க நாங்க யாரு வீட்டுக்கும் வாரதில்ல."

அந்தக் கிராமத்தில் சொல்லாமல் விட்டு வந்ததை இப்போதுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறார். அதிலும் ஓர் அய்யாவைச் சேர்த்துத்தான் சொல்ல முடிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த ஆள் சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. "ஒடம்புக்கு முடியலபோல. சரி, சரி, இரு. மேடம் பாட்டுதான் நெட்டுல கெடக்குல்லா. மைக்செட்காரன்ட்டச் சொன்னா அவனே போட்டுருவான்" என்று வைத்துவிட்டார்.

வரமாட்டோம் என்று ஒரு மனுஷன் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டார்.

கையைக்கூடக் கழுவாமல் லேப்டாப்பைத் திறந்து, நெட்டில் போட்டிருந்த என் பாட்டை அங்கிருந்து நீக்கினேன். இரண்டு வருஷ வேலை. அதைக் கேட்டு வெளியூர்களிலிருந்தெல்லாம் எழுதியிருந்தார்கள். எல்லாம் போயிற்று. போகட்டும்.

நாலு மணிக்குப் பிறகு மெயின்ரோட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. எங்கள் தெரு முனையைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். முதலில் வேட்டு. பிறகு லோடு ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில், அந்த இரண்டு அடி. ஒரு நிறுத்தம். அந்தக் கொத்து. பின்னாலேயே என் மில் இரைச்சல், குழாயில் நசுங்கிப்போய்.

"எடுத்துட்டேன்னியே?" என்றார் அப்பா.

"எடுத்துட்டேன்ப்பா. அதுக்கு முந்தியே எறக்கிட்டான்போல."

வாசலில் போய் நின்றேன். தெரு முனையில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. யாரோ அதற்கு ஆடினார்கள்கூட. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிள்ளைகள் ஆடிய அதே அடிக்குத்தான் இவர்களும் துள்ளினார்கள்.

அப்பா உள்ளே இருந்தபடியே, "நாம போகலல்லா" என்றார். சொன்னாரா கேட்டாரா என்று தெரியவில்லை.

"போகலப்பா" என்றேன்.

பாட்டு ஏழு நிமிஷம். ரோடு அதைவிட நீளம். முடிந்ததும் கொஞ்சம் அமைதியாக இருந்தது. மைக்செட்காரன் மறுபடியும் முதலிலிருந்து போட்டான்.