கடல் தண்ணீரில் போட்ட அடிப்பூச்சு

"…அப்ப இவரு இன்னும் காயலன்னுதான சொல்றீங்க?" என்று செல்வி கேட்டபோது என் கடையில் மூன்று பேர் இருந்தோம். நான், தேவனாம்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த செல்வி, அவளுடைய கொழுந்தன் முருகவேல். மேசைமேல் பலகையில் அவள் புருஷனின் முகம், பாதி வரைந்த நிலையில் கிடந்தது. முருகவேல் கையில் ஒரு பை. உள்ளே சம்பங்கி மாலை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வாட்டர்கலரில் முகம் வரைய வருகிற இளசுகளுக்கு உபயோகப்படும்.

1. நீல முகம்

சிதம்பரத்தில் கடை போர்டு எழுதிக்கொண்டிருந்தவன் நான். பிளக்ஸ் வந்து அந்த வேலை போன பிறகு போர்ட்ரெயிட்டுக்கு வந்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கெடுத்த பேப்பர்தான் வாத்தியார். பக்கத்து ஃபிரேம் கடை பாய் ஒருமுறை என் படத்தைப் பார்த்துவிட்டு, "கலரு பொய் சொல்லும் மச்சான், நெழலு பொய் சொல்லாது. மொதல்ல நெழல புடி" என்றார். அவருக்கு பிரஷ் பிடிக்கவே தெரியாது. ஆனால் அண்டர்பெயிண்டிங், அதாவது அடிப்பூச்சு, என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முகத்தின் நிழல்களை மட்டும் முதலில் ஒரே நிறத்தில் போட்டுவிட வேண்டும். கண்குழி, மூக்கின் ஓரம், உதட்டுக்குக் கீழே, தாடை. நான் தாலோ ப்ளூ என்கிற அடர்நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா, நம்ம செங்காவி மாதிரி, கலந்து போடுவேன். அந்த நீலம் பேப்பரில் ஊறிவிட்டால் ஈரத்துணி வைத்துத் துடைத்தாலும் போகாது. அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மஞ்சள், சிவப்பு என்று தண்ணீராகக் கரைத்த வாஷ் மெல்லிசாக ஏற்றினால் தோலுக்கு உயிர் வரும். காயாமல் ஏற்றினால் சேறு.

ஒரு எச்சரிக்கை. அடிப்பூச்சு நிலையில் எந்த முகமும் தண்ணீருக்கடியில் கிடக்கிற முகம் மாதிரியே இருக்கும். அதனால் அந்த நிலையில் வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டக்கூடாது. சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட வேண்டும்.

2. பாட்டில்

செல்வியின் புருஷன் ஐப்பசிக் காற்றில் கடலுக்குப் போனவன். படகு மட்டும் கரைக்கு வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. வீட்டில் போட்டோ பெரிதாக்கி, மாலை போட்டு, தை அமாவாசையில் படையல் வைக்க ஏற்பாடு செய்தார்கள். ஸ்டூடியோவிலிருந்து வந்த படத்தை இவள் கிழித்துப் போட்டுவிட்டாள்.

"மால போட்டுட்டா அவரு செத்தவருண்ணே. அப்புறம் எங் கழுத்துல இருக்கறதையும் எறக்கணும்" என்றாள், முதல்முறை கடைக்கு வந்தபோது. "நீங்க கையால வரைங்க. உசுரோட இருக்கற மாதிரி. அப்படி ஒரு படத்துக்கு யாரும் மால போட மாட்டாங்க இல்ல?"

செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். பிறகு பையிலிருந்து ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தாள். கலங்கலான தண்ணீர்.

"அவரு போன எடத்துத் தண்ணி. இதத் தொட்டு வரைங்க."

"உப்புத்தண்ணிம்மா. பேப்பர் வீணாப்பூடும்."

"அடியில மட்டும் போடுங்கண்ணே. மேல இருந்து பாக்கறவனுக்கு என்னா தெரியப்போவுது?"

அடிப்பூச்சு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் போட்டேன்.

3. ஈரம்

மத்தியானம் மொடமொடவென்று காய்ந்திருக்கும். காலையில் கடை திறந்தால் முகம் நனைந்திருக்கும். தைப்பனியில் உப்பு ஈரத்தை இழுக்கும், அது எனக்குத் தெரியும். ஹேர் டிரையர் பிடித்தேன். சாயந்திரம் கன்னம் மறுபடி பளபளத்தது. மேலே நிறம் ஏற்ற முடியவில்லை. தெரியாத ஒன்றும் இருந்தது. இடது காதுப் பக்கம் வெறும் பேப்பராகத்தான் விட்டிருந்தேன், பிரஷ் அங்கே போகவே இல்லை. ஒரு காலையில் அங்கிருந்து ஒரு சொட்டு தாடைவரை இறங்கி நின்றது. கூரையைப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. அன்று முழுக்க அந்த மேசைக்கு முதுகைக் காட்டி நான் உட்காரவில்லை.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர், "ஃபேன போடு மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாதாரணமாக ஒரு டீக்காவது உட்காருகிற மனுஷன்.

இதில் நான் கற்றது ஒன்று. மேலே போடுவதை வாடிக்கைக்காரர் கேட்டபடி போடலாம். அடியில் போடுவதை யோசித்துப் போடுங்கள். வாட்டர்கலரில் அதை மூடி மறைக்க வழி கிடையாது.

4. அமாவாசைக்கு முந்தின நாள்

சொல்லாமல் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நான் எழுவதற்குள் செல்வி பலகையைத் தானே திருப்பிவிட்டாள். நீல முகம், நெற்றியெல்லாம் ஈரம்.

முருகவேல் பின்வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, பாக்காத. வா போவலாம்."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்தக் காது வழியா தண்ணி எறங்கியிருக்கே," என்றாள். "கனவுலயும் இப்படித்தாண்ணே வராரு. வந்து வாசல்லயே நிக்கறாரு. உள்ள வான்னா வர மாட்டாரு. எப்ப காயும் இது?"

"உப்பு இருக்கற வரைக்கும் காயாதும்மா. நல்ல தண்ணி ஊத்தி அலசிட்டா உப்பு போயிடும்."

"மொகம்?"

"மொகம் போவாது. நீலம் ஊறிடுச்சி."

அப்போதுதான் அவள் கேட்டாள், அப்ப இவரு இன்னும் காயலன்னுதான சொல்றீங்க என்று. நான் தலையாட்டினேன். "அலசணும்மா. நான் செய்யறேன், நீ உக்காரு."

"நீங்க யாருண்ணே, அவருக்குத் தண்ணி ஊத்த?" என்றாள், கோபமில்லாமல்.

முருகவேலிடம் பலகையைக் கொடுத்து, வாசல் பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். அவன் மாலைப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டான். மூலையில் இருந்த குடிதண்ணீர் கேனைச் சரித்துச் சொம்பு நிறையப் பிடித்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷனின் உச்சந்தலையிலிருந்து மெதுவாக ஊற்றத் தொடங்கினாள்.