தண்ணீர் போகும் பக்கம்

பதவி உயர்வு வந்த அன்று எனக்கு வயிற்றுப்போக்கும் வந்தது. பழியைப் பதவிக்கும் முந்தின நாள் தின்ற பலாப்பழத்துக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கலாம். வங்கியில் என்னை அதிகாரியாக்கி, சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு கிளைக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பையனுக்கு எட்டு, பெண்ணுக்கு ஐந்து. தாமதமாகப் பிள்ளை பெற்றவர்கள் பிள்ளைகளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி கையாளுவார்கள். நான் கண்ணாடிச் சாமானை வைக்கோலில் சுற்றி, பெட்டியில் போட்டு, பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிற ரகம்.

மலைமேல் வெள்ளக்கடையில் எங்கள் வீடு. கணவர் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் கணக்கும் பழம் பறித்த எடையும் எழுதுகிற வேலை. மாற்றல் கடிதத்தைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கடல் தெரியற மாதிரி ஒரு பால்கனி மட்டும் பாரு புள்ள. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். காபிச் செடியப் பாத்துப் பாத்து கண்ணே பச்சையாப் போச்சு."

பக்கத்து வீட்டு அக்கா எஸ்டேட்டில் பழம் பறிக்கப் போகிறவர். விஷயம் கேள்விப்பட்டு வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க பேங்கம்மா, கடலோரத்துல ஊடு பாக்கறீங்களாமா? எதுக்குங்க, புள்ளைங்கள உப்புல ஊற வெக்கறதுக்குங்களா?"

"வேலை அங்கதானுங்களே அக்கா."

"நொம்ப நல்லது போங்க. வரும்போது ரெண்டு கருவாடு கொண்டாங்க."

நான் ஒரு நோட்டு போட்டேன். பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், டாக்டர் எவ்வளவு தூரம், மொட்டைமாடிச் சுவர் எவ்வளவு உயரம், கிணறு இருந்தால் மூடி உண்டா, தரைத்தொட்டி இருந்தால் மூடிக்குப் பூட்டு உண்டா. கடலைப் பற்றி ஒரே ஒரு வரி: 'எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.' கடற்கரைப் பகுதியில் வீடு தேடுகிறவர்களில் இப்படி எழுதிவைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இவ்வளவு பயந்தவள் மலையில் மட்டும் பிள்ளைகளை எப்படி வெளியே விட்டாய் என்று கேட்கலாம். மலையில் ஒரு விதி இருக்கிறது. காபித் தோட்டத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே செடி, ஒரே சில்வர் ஓக் மரம். பனி இறங்கிவிட்டால் பெரியவர்களுக்கே திசை தெரியாது. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தொடங்கியதுமே சொல்லிவிடுவோம்: வழி தெரியவில்லை என்றால் அழாதே, கத்தாதே, தண்ணி போற பக்கம் போ. ஓடை எங்கே சுற்றினாலும் கடைசியில் ரோட்டுக்கு அடியில் ஏதாவது ஒரு பாலத்தில்தான் போய்ச் சேரும். பாலத்தில் உட்கார்ந்திருந்தால் பஸ்ஸோ பைக்கோ வரும், தெரிந்தவர் யாராவது வருவார்கள்.

பெண் இதில் என்னுடைய முதல் மாணவி. நாலு வயதில் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னால் தோட்டத்துக்குள் போய்த் தொலைந்து, தானாக ஓடையைப் பிடித்து இறங்கி, பாலத்துச் சுவரில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். சாமி, கண்ணு என்று கொஞ்சி, "எங்க சொல்லு, வழி தெரியலீன்னா?" என்று விருந்தாளிகள் முன்னால் ஒப்பிக்கவும் வைத்தேன்.

கோடை விடுமுறையில் நால்வரும் சென்னைக்கு வீடு பார்க்கப் போனோம். எங்களுக்குக் கிடைத்த புரோக்கர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வீடு காட்டுகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வீடு, ஒவ்வொன்றுக்கும் கழற்றி மாட்ட முடியாது என்றார். அவருக்கு எல்லா வீடும் கடலிலிருந்து ஐந்து நிமிடம்.

"நடந்தா பைவ் மினிட்ஸ் மேடம். பீச் உங்க வூட்டு வாசல் மாதிரி."

அவர் அதைச் சிறப்பு என்று சொன்னார். நானோ, ஐந்து வயதுப் பிள்ளை ஓடினால் மூன்று நிமிடம் என்று மனசுக்குள் கழித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் மேட்டுல ஊடு இருக்குங்களா?"

"மேடா? இந்த ஏரியாவுல மேடுன்னா ஸ்பீடு பிரேக்கர்தான் மேடம்."

கணவர் சிரித்த சிரிப்பில் நோட்டைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது.

முதல் வீட்டில் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. இரண்டாவது வீட்டின் எதிரே கண்ணாடி அறுக்கிற கடை. மூன்றாவது வீடு கடலுக்கு மூன்று தெரு தள்ளி. பள்ளிக்கூடம் அதே வரிசையில், டாக்டர் எதிர் வீட்டில், ஜன்னல் கம்பிக்குள் என் முஷ்டி நுழையவில்லை. பால்கனியில் ஒரு மூலையில் நின்று கழுத்தைத் திருப்பினால் உள்ளங்கையளவு கடலும் தெரிந்தது. கணவர் அந்த மூலையைவிட்டு நகரவில்லை. நான் தரைத்தொட்டியருகே போனேன். மூடிக்குப் பூட்டு இல்லை.

பூட்டு எப்போது போடுவார்கள், யார் போடுவார்கள், சாவி யாரிடம் இருக்கும், மூடி எத்தனை கிலோ, ஒரு குழந்தையால் தூக்க முடியுமா என்றெல்லாம் புரோக்கரைக் குடைந்தேன். அவரையே தூக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் குனிந்ததில் தலைக்கவசம் மூக்குக்கு இறங்கிவிட்டது. நிமிர்ந்தபோது பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அம்மா, பாப்பா எங்க?"

கேட் திறந்து கிடந்தது.

இந்த இடத்தை நின்று எழுத எனக்கு இப்போதும் முடியாது. அதனால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கணவர் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தார். இருவருக்கும் ஒரே எண்ணம்தான். தொலைந்த பிள்ளை ரோட்டில்தான் இருக்கும். எங்கள் மலையில் வேறெங்கும் இருக்க முடியாது. படித்த இரண்டு பேரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கார்கள் பறக்கிற பெரிய சாலையை நோக்கி மேற்கே ஓடினோம். முனைக் கடை, பஸ் நிறுத்தம், ஆட்டோ நிறுத்தம். சிவப்பு கவுன், ரெட்டை ஜடை, பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை. சாலையோர மழைநீர்க் கால்வாயின் மேல் சிமெண்டுப் பலகை போட்டிருந்தது. பாலம் என்று நினைத்து அதன் அடியில்கூடக் குனிந்து பார்த்தேன்.

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த பையன் என் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா! இங்க தண்ணி அந்தப் பக்கம்மா!"

கிழக்கே கை காட்டினான். தெருவோரத்தில், ஏதோ ஒரு வீட்டின் மேல்தொட்டி நிறைந்து வழிந்த தண்ணீர் மெல்லிய கோடாகக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. தண்ணீர்க் கோடு கடைசித் தெருவில் மணலுக்குள் முடிந்தது. அதற்கப்பால் கடற்கரை, பகல் வெயில், கட்டுமரங்கள். அலை ஓரத்தில் மீன் கூடைக்காரப் பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், ஒரு கையால் இடுப்புக் கூடையையும் இன்னொரு கையால் சிவப்பு கவுனின் காலரையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கவுன் கழுத்துவரை நனைந்திருந்தது. உள்ளே இருந்தவள் திமிறிக்கொண்டிருந்தாள்.

"உன் கொயந்தையா?" என்று அந்தப் பெண் தூரத்திலிருந்தே கத்தினாள். "கொயந்தய வுட்டுட்டு எங்க மேஞ்சிக்கினு இருந்த? மூணு தபா உள்ள போச்சு, மூணு தபா இஸ்தாந்தேன்! எங்க போறன்னா பாலத்துக்குப் போறேன்னுது. கடல்ல ஏதும்மா பாலம்?"

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் என்மேல் விழுந்தாள். உப்பும் மணலும் மீன் வாடையும் ஒன்றாக வந்து விழுந்தன. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

"பூனை பின்னாடி போனேன். எல்லா கேட்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. நீதான சொன்ன, தண்ணி போற பக்கம் போன்னு? தண்ணி போச்சு, நானும் போனேன். அப்பறம் அது திரும்பி வந்து என்னையத் தள்ளுச்சு. மறுபடியும் போச்சு. எந்தப் பக்கம்தாம்மா போவுது?"

போய்விட்டுத் திரும்பி வருகிற தண்ணீரைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லை.

கணவர் அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். வாயிலிருந்து "நொம்ப, நொம்ப" என்றுதான் வந்தது. புரோக்கரும் மணலில் ஓடிவந்து சேர்ந்தார். தலைக்கவசம் இப்போது கையில். தலையில் ஒரு முடி இல்லை.

"மேடம், தாம்பரம் பக்கம் காட்டட்டுமா?" என்றார்.

"உங்க பிள்ளைங்களுக்கு வழி தெரியலைன்னா என்னங்க சொல்லி வைப்பீங்க?" என்று கூடைக்காரியைக் கேட்டேன். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

"இன்னாத்த சொல்றது? கடலுக்கு முதுவக் காட்டி நடன்னுதான். ரோடு வரும், கோயில் வரும், எவனாவது எதிர்ல வருவான்." கூடையை ஏற்றிக்கொண்டாள். "அத்த சொல்லு மொதல்ல. அப்பால வூடு பாரு."

தாம்பரம் போகவில்லை. வங்கி இருக்கிற ஊரை விட்டு எங்கே போவது? பெரிய சாலைக்கு மேற்கே, கடலிலிருந்து இருபத்தைந்து நிமிட நடையில் ஒரு வீடு எடுத்தோம். நோட்டில் கேட்டிருந்த பாதி விஷயங்கள் அந்த வீட்டில் இல்லை. கேட்டுக்கு மேலே, என் உயரத்தில், ஒரு கொக்கி இருந்தது. அதைப் பார்த்ததும் சரி என்றுவிட்டேன். பால்கனியிலிருந்து பார்த்தால் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி தெரியும். "அதுவும் தண்ணிதான் புள்ள," என்று கணவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த விடுமுறையில் வெள்ளக்கடைக்குப் போனபோது பெண் தோட்டத்து வரப்பில் நின்று, "அம்மா, இங்க கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். முதுகைக் காட்ட வேண்டுமாம். வேலியோரம் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு சொல்லிப் புள்ளையக் கொழப்பாதீங்க பேங்கம்மா. நீங்களே கண்ண நல்லாத் தொறந்து வெச்சுக்கங்க. கருவாடு எங்க?"

பெண்ணுக்கு இப்போது பதினைந்து வயது. ஆளுயரத்துக்கு வளர்ந்துவிட்டாள், நீச்சலும் தெரியும். இருந்தாலும் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் சற்று அதிக நேரம் கேட்டால் கால் தானாகக் கதவருகே போய்விடுகிறது. தட்டுகிறேன்.

"வாளித் தண்ணிம்மா!" என்று உள்ளிருந்து கத்துகிறாள். "எங்கயும் போவல!"