கழற்றாத மாலை

என் வலது காலில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் இல்லை. கல் விழுந்து நசுங்கிவிட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருந்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடை போடுகிற இடத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவன் காலில் கல் விழுந்தது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? ரெட்டிபாளையம் பக்கம் கல்லுக்கா பஞ்சம்! ஆனால் அந்த விரலைத் தின்றது பீடி.

முதலில் நடந்தால் கெண்டைக்கால் வலித்தது. அப்புறம் விரல் கறுத்தது. பெரம்பலூரில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "பீடிப் புகை ரத்தக் குழாயை அடைச்சிருச்சுங்க. விரலை எடுத்தாச்சு. இனிமே ஒரு பீடி பிடிச்சாலும் அடுத்து பாதம், அதுக்கு அடுத்து முட்டி. யோசிச்சுக்குங்க" என்றார். என் மனைவியிடம் திரும்பி, தினமும் சாயங்காலம் என் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தால் ரத்தம் ஓடுகிறது. ஜில்லென்று இருந்தால் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

யோசித்தேன். யோசிக்கும்போதெல்லாம் ஒரு பீடி தேவைப்பட்டது, அதுதான் கஷ்டம். ஏலக்காய், கிராம்பு, புளிப்பு மிட்டாய் எல்லாம் மென்று பார்த்தேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். திரும்பி வர பஸ் லேட். பஸ் வருவதற்குள் சத்தியம் போய்விட்டது. பெருமாள் கோபித்துக்கொண்டிருந்தால் நியாயம்தான்.

வேலையிடம் இன்னும் மோசம். லாரிக்காரர் ஒவ்வொருவரும் சீட்டு வாங்க வரும்போது காதில் செருகிய பீடியை எடுத்து நீட்டுவார். அது எங்கள் தொழிலில் வணக்கம் சொல்கிற மாதிரி. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் கல் விழுந்த கதை பொய் என்று தெரிந்துவிடும். கால் போனாலும் போகட்டும், மானம் போகக் கூடாது என்று நினைக்கிற முட்டாள்கள் உண்டு. நான் அந்த வகை.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மூன்று வருஷமாகப் போடுகிற மாலைதான். செருப்புப் போடக் கூடாது என்பது மாலையின் சட்டம், செருப்பில்லாமல் கொல்லைக்குக்கூடப் போகக் கூடாது என்பது டாக்டரின் சட்டம். "ஐயப்பன் காலைப் பாக்க மாட்டாரு சாமி, மனசத்தான் பாப்பாரு" என்று குருசாமி தீர்ப்புச் சொன்னார். மனசைப் பார்ப்பார் என்றதும் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

மாலை விழுந்த நிமிஷத்திலிருந்து எனக்கு யாரும் பீடி நீட்டவில்லை. "சாமி சரணம்" என்று லாரிக்காரர்கள் பற்றவைத்த பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. மாலை சொன்னது. ஆசை போய்விட்டதா என்றால், இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கிளம்பும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று மூக்கு தானாகத் திரும்பும். ஆனால் கை நீளவில்லை.

முந்தைய வருஷங்களில் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய ஒரு மணி நேரத்துக்குள் டீக்கடைக்குப் போய்விடுவேன். அதனால் இந்தத் தை மாசம் ஊர் திரும்பியதும், குருசாமி என் கழுத்துக்குக் கையைக் கொண்டுவந்தபோது பின்வாங்கினேன்.

"இன்னொரு மண்டலம் இருந்துக்கறேன் சாமி."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்தி என்று நினைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நான் பெரிய சாமி ஆகிவிட்டேன். பூஜைக்குக் கூப்பிட்டார்கள், விளக்கேற்றச் சொன்னார்கள், சின்னப் பிள்ளைகளைக் காலில் விழச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் விரல் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டு கும்பிடும்போது கூசிப்போவேன். திருடன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு அவனையே தர்மகர்த்தா என்று கும்பிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? மாலையைக் கழற்றினால் பீடி, பீடி என்றால் கால். கழற்றாவிட்டால் இந்த வேஷம். புலிவாலைப் பிடித்தவன் கதை.

இந்த வேஷத்துக்குக் கூலி கொடுத்தவள் என் மனைவி. விடியுமுன் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொட வேண்டும். மாசத்தில் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது என்று திருமழபாடியில் அவள் அப்பா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். நான் கூடத்தில் தனிப் பாயில். என்னை அவள் தொடக் கூடாது, அதனால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதும் நின்றுபோயிற்று. இருபத்திரண்டு வருஷமாக "ஏங்க" என்று கூப்பிட்டவள் மூன்றரை மாசமாக "சாமி" என்றாள். முதலில் மரியாதையாகச் சொன்னாள். மாசியில் அந்தச் சொல்லை என் முன்னால் தட்டை வைப்பதுபோல் டங்கென்று வைத்தாள்.

மாசி பாதியில் ஒரு காலையில் என் மாமனார் இறந்துபோனார். செய்தி வந்ததும் அவள் அழுதுகொண்டே துணியை எடுத்து வைத்தாள். வாசலில் நின்று கேட்டாள்.

"சாமி வருவீங்களா?"

"சாவு வீட்டுக்கு மாலையோட எப்படிம்மா வர்றது?"

"குருசாமிகிட்ட போய்க் கழட்டிட்டு வாங்க. ஊரு உலகத்துல செய்யாததா?"

"பாக்கறேன். நீ முன்னாடி போ" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அரியலூர் கடைத்தெருவில் மருமகன் போட வேண்டிய கோடித் துணியை வாங்கினேன். குருசாமி வீட்டுத் தெரு வரை போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இருபது அடிதான். என்னால் போக முடியவில்லை. சாவு வீட்டில் ஆண்கள் உட்காரும் பந்தலில் வெற்றிலைத் தட்டு சுற்றும், அதில் பீடிக் கட்டும் தீப்பெட்டியும் இருக்கும். எடுக்காதவனை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வெறும் கழுத்தோடு அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் நான் எடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, மாலையோடு திருமழபாடி பஸ்ஸில் ஏறினேன்.

தெருமுனை வரை போனேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் கோடித் துணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். தெருவுக்குள் தப்பு மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் எனக்குப் பெண் கொடுத்தவர், ஒருநாளும் என்னை ஒரு சொல் சொல்லாதவர். ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது வந்து பார்த்து, கல் விழுந்த கதையை நம்பி, கல்லைத் திட்டிவிட்டுப் போனவர். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்கும் அவருக்கும் நடுவில் ஆறு வீடுதான் இருந்தது. எவ்வளவு கேவலமாக நிற்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் நின்றேன்.

போகிறவர்கள் வருகிறவர்கள், "சாமி, இங்கல்லாம் நிக்கக் கூடாது, தள்ளிப் போங்க" என்றார்கள். யாரோ உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலைவிரி கோலமாக அவள் வந்தாள். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். என் எதிரில் வந்து நின்றாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

"ஏங்க" என்றாள். மூன்றரை மாசம் கழித்து.

"குருசாமிதான் கழட்டணும்..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கப்பன் செத்துக் கெடக்கறாரு. நீங்க ஒரு பீடிக்குப் பயந்துகிட்டு தெருமுனையில நிக்கறீங்க. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? பக்தின்னா நான் நூறு வருசத்துக்கும் விடியல்ல குளிச்சிருப்பேன். இது பயம்."

எட்டி, தீட்டுக் கையாலேயே என் கழுத்திலிருந்து மாலையைத் தூக்கினாள். என் காதில் மாட்டிக்கொண்டது, விடுவித்து எடுத்தாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சாமி குத்தம்னா அது என்னைச் சேரட்டும். வாங்க" என்று முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். கழுத்து லேசாகி, அந்த லேசே பயமாக இருந்தது.

கோடி போட்டேன். அழுதேன். பந்தலில் தட்டு இரண்டு முறை வந்தது. ஒரு முறை மூக்கைச் சிந்துவதுபோல் எழுந்து போனேன், இன்னொரு முறை பாடைக்கு மூங்கில் பிடிக்கப் போனேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

தப்பவில்லை. கொள்ளிடத்தில் எல்லாம் முடித்துக் குளித்துவிட்டு ஆண்கள் கரையில் உட்கார்ந்தோம். மச்சான், மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்ட, கொள்ளிபோட்ட களைப்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்து முதல் பீடியை எனக்கு நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள. மாலதான் கழட்டியாச்சே."

அப்பாவைப் பறிகொடுத்த மனிதன் நீட்டுகிறான். என் கை அதுவாகவே போய் வாங்கிக்கொண்டது. ஈர விரலில் பீடி நமத்தது. தீப்பெட்டியை உரசி அவர் தீயை என் பக்கம் கொண்டுவந்தார். அந்தத் தீ கிட்டே வரவர, இத்தனை மாசத்தில் ஒரு தடவைகூட நான் என் வாயால் வேண்டாம் என்று சொன்னதில்லை என்பது உறைத்தது.

"வேணாம் மச்சான்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஏன் மாப்ள?"

"கல்லு விழலை மச்சான். பீடிதான். இன்னும் ஒண்ணு பிடிச்சா காலை எடுத்துருவாங்க."

சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் என் பாதத்தைப் பார்த்தார்கள். அதை மணலுக்குள் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. மச்சான் விரலைத் தீ சுட்டது, உதறினார். பிறகு என் கையிலிருந்த பீடியை வாங்கி, தன் கையிலிருந்த கட்டோடு சேர்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான். இதற்காகவா அந்தப் பொய்யையும் மூன்றரை மாச வேஷத்தையும் சுமந்தேன் என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அன்று சாயங்காலம் மாமனார் வீட்டுக் கொல்லைப்பக்கம் கல்லில் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து கீழே உட்கார்ந்தாள். என் வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். வெகு நேரம் வைத்திருந்தாள். அவள் கை அப்பாவைக் குளிப்பாட்டிய கை.

"வெதுவெதுன்னு இருக்கு" என்றாள்.

அதற்கப்புறம் பீடியைத் தொடவே இல்லை என்று எழுத ஆசைதான். பங்குனியில் ஒரு நாள் தொட்டேன். அன்று சாயங்காலம் அவள் என் பாதத்தைத் தொட்டுவிட்டு, கையை எடுக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். சூடு திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை. அடுப்பில் சோறு குழைந்துபோயிற்று. அந்தக் குழைந்த சோற்றை இருவரும் சாப்பிட்டோம்.

இப்போதும் லாரிக்காரர்கள் நீட்டுகிறார்கள், நான் வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எனக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. வீட்டில் ஒருத்தி என் காலுக்காகக் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பாள்.