நிபந்தனைக் கையெழுத்து

மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் என் விண்ணப்பத்தையும், மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது நான் கொடுத்த படிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "இத்தனை வருஷமாச்சு, கையெழுத்து ஒரு புள்ளி கூட மாறல சார். பேங்க்ல வேலையா?" என்று கேட்டார். இல்லைம்மா, பழக்கம் என்றேன். மேசை மேல் மூடாமல் கிடந்த ஸ்டாம்ப் பேடிலிருந்து மை வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை வந்தாலே கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். பத்தரை ஆகப்போகிறதா என்று பார்ப்பேன்.

அந்தப் பழக்கம் செஞ்சியில் வந்தது. என் இருபத்து நான்காவது வயதில், காலை பத்தரைக்கு ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று என்று ஏழு மாதம் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன். ஞாயிறும் உண்டு, தீபாவளியும் உண்டு. அவ்வளவு முறை எழுதினால் யாருக்கும் கையெழுத்து நிலைத்துவிடும்.

பெரிய குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெருமை எனக்கு இல்லை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊரில் முந்திரித் தோப்பு வேலிக்காகப் பெரியப்பா மகன்கள் பக்கத்துத் தோப்புக்காரர்களோடு கைகலந்தார்கள். அந்த நேரம் நான் வேலை பார்த்த எலக்ட்ரிக் கடையில் ஃபேனுக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். புகார் கொடுத்தவர்கள் எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் பெயரை வயது வரிசையில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஐந்தாவது எதிரி. ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொந்த ஊரில் இருக்கக் கூடாது, செஞ்சியில் தங்கி, மறு உத்தரவு வரும்வரை தினம் இரண்டு வேளை கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. ஒரு வேளை தவறினாலும் ஜாமீன் ரத்தாகிவிடும் என்று வக்கீல் மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

செஞ்சியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அது அழகான ஊர். மூன்று பக்கமும் பாறையை அள்ளிக் குவித்த மலைகள், அவற்றை இணைத்துக் கோட்டை மதில். எனக்கு அது சுவர் வைத்த ஊர். முதல் வாரம் பொழுது போகாமல் ராஜகிரி மேல் ஏறினேன். உச்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையும் விழுப்புரம் போகும் சாலையும் தெரிந்தன. பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. வேடிக்கை பார்த்ததில் நேரம் போனது தெரியாமல், படியில் விழுந்தடித்து இறங்கி ஐந்து இருபத்தெட்டுக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்தேன். அதற்குப் பிறகு மலை ஏறவில்லை.

ஒரு குறுகலான தெருவில், ஓட்டு வீடு ஒன்றின் பின்பக்க அறை வாடகைக்குக் கிடைத்தது. தெருவில் கேட்டவர்களிடம் கோட்டையை அளந்து படம் போட வந்திருக்கிறேன் என்று சொல்லிவைத்தேன். மறுநாள் காலை குழாயடியில் ஒரு பெண்மணி, "இன்னா தம்பி, சைன் போட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்பே ஸ்டேஷன் ஏட்டு தெருவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அவர் வேலை செய்யும் முறை. புதிதாக யார் வந்தாலும் ரோந்து போகும்போது நான்கு வீட்டில் சொல்லிவைப்பார், அந்த நான்கு வீடும் பார்த்துக்கொள்ளும். முந்தின நாள் நான் வாழைப்பழம் வாங்கியது, சட்டை துவைத்தது எல்லாம் காலையில் கையெழுத்து நோட்டைத் திறக்கும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். "கடலைமுட்டாய் ரொம்பத் தின்னாத, வவுறு கெட்டுடும்" என்பார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

குழாயடியில் கேட்டவர்தான் சரோஜாக்கா. என் அறைக்கு எதிர் வீடு. ஜாக்கெட் தைப்பவர். தையல் மிஷினைத் தெருப்பக்க ஜன்னலுக்கு நேராகப் போட்டிருந்தார். கால் மிதிக்கும், கை துணியைத் தள்ளும், கண் தெருவில் இருக்கும். அந்த ஜன்னலைத் தாண்டி யாரும் போய்விட முடியாது. முதல் மாதம் அவரை எனக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டாவது மாதம் சும்மா உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கும் போலிருந்ததால், அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மிஷின் எண்ணெயும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனையில் இரண்டு மணி நேரம் எனக்கு வழக்கு மறந்துபோகும்.

கையெழுத்து நோட்டில் என் பெயருக்கு மேல் இன்னொரு பெயர் இருந்தது. ஏழுமலை. திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர், திருவிழாத் தகராறில் மாட்டியவர், நாற்பது வயதிருக்கும். அவரும் முதலில் எங்கள் தெருவில்தான் அறை கேட்டிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பதிலைக் கேட்டதும், அறையில் நெல் மூட்டை அடுக்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கிடைத்தது அதே அறைதான். நெல் மூட்டை எதுவும் அதில் இல்லை. அவர் மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டு அங்கேயே கொட்டகையில் படுத்துக்கொண்டார். எப்போதும் தலைமுடியில் கடலைத் தூசு இருக்கும். மதியத்தில் சில நாள் என்னைத் தேடி வருவார். ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்காருவார், ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். அதிகம் பேசமாட்டார்.

ஐந்தாவது மாதம் என் தங்கைக்குக் கல்யாணம் வைத்தார்கள். நைனா ஆள் அனுப்பி, "நீ வராத, எங்க இருந்தாலும் நல்லாருன்னு நெனச்சிக்க" என்று சொல்லச் சொன்னார். நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் அன்று காலை பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் விழுப்புரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. போய் வர நேரம் இருந்தது. கால் தானாக ஏறிவிட்டது.

நான் போனபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் போனேன். எங்கள் மேல் புகார் கொடுத்தவர்களின் ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால் அதோடு சரி. தங்கையை யாரோ அழைத்து வந்தார்கள். மாலையோடு வந்து நின்றாள். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அவளே இலையைப் போட்டாள். பத்து நிமிடம் இருந்திருப்பேன். அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்றும் நான் வருத்தப்படவில்லை.

திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், செஞ்சி பஸ் நிற்கும் இடத்தில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பஸ்ஸில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். நாட்டார்மங்கலம் தாண்டியதும் அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பெரியாசுபத்திரில பொண்டாட்டிக்குப் பொண்ணு பொறந்திருக்குது. பாக்காம இருக்க முடியல" என்றார். நான் தாம்பூலப் பையைத் திறந்து ஒரு லட்டு கொடுத்தேன். ஐந்தரைக்கு நோட்டில் அவர் மேலே, நான் கீழே கையெழுத்துப் போட்டோம். ஏட்டு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை தெருவே கூடி நின்றது. மாடிவீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டாரைக் காணோம். முந்தின நாள் பெரிய முகூர்த்தம் என்பதால் தெருவில் பாதிப் பேர் கல்யாணங்களுக்குப் போயிருந்தார்கள், அவர் வீட்டிலும் யாரும் இல்லை. பகலில், பூட்டு உடையாமல், போல்ட்டைப் பதமாகக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்தவன் தெருவில் ஒருவன்தான் இருந்தான்.

ஏட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். "நேத்து காலீல சைன் போட்டுட்டு எங்க போன?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் இருந்தன. பண்ருட்டி போனேன் என்று உண்மையைச் சொன்னால் ஜாமீன் ரத்து. அறையில் இருந்தேன் என்று பொய் சொன்னால் மோட்டார் என் தலையில் விழும், அப்போதும் ஜாமீன் ரத்து.

"எங்க போவான்? எங்க வாசல்லதான் இருந்தான்." சரோஜாக்கா இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்து நின்றார். "முகூர்த்த நாளு, எனக்குக் கை ஒடியுது. காலீலருந்து சாயங்காலம் வரைக்கும் ஊக்கு தெச்சிக்குனு இருந்தான். நான் கண்ணால பாத்துக்கினே இருந்தேன்."

அவர் பார்த்தேன் என்றால் அந்தத் தெருவில் அப்பீல் கிடையாது. ஏட்டு தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒன்னத் தேடி ஒருத்தன் வருவானே, மூட்டை தூக்குறவன். அவன் நேத்து எங்க இருந்தான்?" என்று கேட்டார்.

"தெரியலீங்கய்யா" என்றேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இத்தனை வருடங்களில் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். என்னோடு பஸ்ஸில் இருந்தார் என்றால் நான் பஸ்ஸில் இருந்தேன் என்றாகும், சரோஜாக்கா பொய் சொன்னார் என்றாகும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை கையெழுத்துப் போட வந்த ஏழுமலையிடம் ஏட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "மண்டியிலதாங்கய்யா இருந்தேன்" என்றார்.

"மண்டி நேத்து லீவாச்சே."

ஏட்டு குரலை உயர்த்தவில்லை, கை நீட்டவில்லை. "காலீல வா, எஸ்.ஐ. அய்யாகிட்ட சொல்லு" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து நானும் அவரும் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். அவர் ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். "கல்யாணம் நல்லா நடந்துச்சா?" என்று கேட்டார். ம் என்றேன். மண்டிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் பத்தரைக்கு அவர் வரவில்லை. நோட்டில் அவர் கட்டம் காலியாக இருந்தது, அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஐந்தரைக்கும் அப்படியே. அவர் ஜாமீன் ரத்தாகி வாரண்ட் போட்டார்கள். திருடியவன் ஓடிவிட்டான் என்று தெரு நிம்மதியாக மூச்சு விட்டது.

நான்காம் நாள் மாடிவீட்டுக்காரரின் மச்சான் வல்லத்திலிருந்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். அன்றைக்கு வந்து, தன்னிடம் இருந்த சாவியால் திறந்து மோட்டாரைப் போட்டால் புகைந்துவிட்டதாம். கழற்றி வைண்டிங் கடையில் கொடுத்திருக்கிறார். சொல்ல வீட்டில் ஆள் இல்லை, ஊருக்குப் போனவர் நடவு வேலையில் மறந்துவிட்டார். எல்லோரும் அவரைக் கிண்டல் செய்து சிரித்தார்கள். ஏட்டு மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஏழுமலைய யாராவது பாத்தா, வரச் சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் பார்க்கவில்லை.

அன்று நான் ஊக்கு தைத்துக்கொண்டிருந்தபோது சரோஜாக்கா மிஷினை நிறுத்தினார். "அன்னிக்கு ஊக்கு தீந்துபோச்சின்னு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்திருந்தேன். ரெண்டு பேரும் எறங்குனத பாத்தேன்" என்றார்.

"அவரையும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சொல்லியிருக்கலாமேக்கா."

"அவனப் பத்தி என்னை யாரு கேட்டாங்க?" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். அன்று முழுக்க அவர் கண் தெருப்பக்கம் போகவில்லை. என்னைக் கேட்டார்கள், நான் தெரியாது என்றேன் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து எனக்கு நிபந்தனையைத் தளர்த்தினார்கள். சில வருடங்களில் வழக்கிலிருந்தும் விடுதலையானேன். திருக்கோவிலூர்ப் பக்கம் வேலையாகப் போனபோதெல்லாம் ஏழுமலையைப் பற்றி விசாரித்தேன். எந்த ஏழுமலை என்றார்கள். அப்பா பெயர் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் மேல்மலையனூர் போய்விட்டு வரும் வழியில் செஞ்சியில் இறங்கினோம். காரை ஓட்டி வந்தது என் மனைவியின் அண்ணன், என் வழக்கு பற்றி எதுவும் தெரியாதவர். சோடா குடிக்கலாம் என்று அந்தத் தெருவுக்கு நானேதான் கூட்டிப்போனேன். சரோஜாக்கா இறந்து ஆறு வருடமாம். ஜன்னல் இருந்த இடத்தில் ஷட்டர் போட்டு செல்போன் கடை வைத்திருந்தார்கள். தெருமுனைக் கம்பத்தில் கேமரா. மாடிவீட்டின் கீழே சோடாக் கடை நடத்துபவர் அந்த வீட்டுப் பேரன். ஊர் பற்றிப் பேச்சு வந்தது. கேமரா வந்த பிறகு பயமில்லையா என்று என் மைத்துனர் கேட்டார்.

"முன்னாடி கேமரா இல்லாமயே பயமில்ல சார். இந்தத் தெருவுல ஒரே ஒரு திருட்டுதான் நடந்திருக்குது. நான் சின்னப் புள்ள. ஸ்டேஷன்ல கையெழுத்து போட வந்த ஒருத்தன், ஏழுமலைன்னு பேரு, எங்க வீட்டு மோட்டார தூக்கினு ஓடிட்டான். அதுலருந்துதான் வெளியாளுக்கு இங்க ரூம் தர்றதில்ல."

அந்த மோட்டாரில் வந்த தண்ணீரில்தான் அவர் குளித்து வளர்ந்திருப்பார். அது திரும்பி வந்தது என்பது மட்டும் அந்தத் தெருவிலிருந்து சுத்தமாகப் போய்விட்டிருந்தது.

"மோட்டார் கிடைச்சிடுச்சே" என்றேன். "வைண்டிங் கடையில இருந்துச்சு. அவர் எடுக்கல."

அவர் சோடா உடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மைத்துனரும் என் பக்கம் திரும்பினார்.

"ஒங்களுக்கு எப்டி சார் தெரியும்?"

"யாரோ சொல்லக் கேட்டது" என்றேன்.