தோப்பு எண்ணெய் போட்ட மேகசின்

துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள மட்டும் வருகிறவர்களை ஒரே பார்வையில் எனக்கு அடையாளம் தெரிந்துவிடும். அவர்கள் குழலைத் தடவுவார்கள், கட்டையைத் தடவுவார்கள், கண்ணை இடுக்கிக் குறி பார்ப்பார்கள். மேகசினைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நான் உறுப்பினராக இருக்கும் ரைஃபிள் கிளப் இப்படிப்பட்டவர்களால் நிரம்பியது.

மேகசின் என்பது பெரிய கம்பசூத்திரமில்லை. ரைஃபிளின் வயிற்றுக்குள் செருகுகிற ஒரு சின்னத் தகரக் கூடு. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் தோட்டாவை மேலே தூக்கிவிடும் ஒரு தகடு, அடியில் ஒரு மூடி. அவ்வளவுதான். மூடியை நகர்த்தும்போது உள்ளங்கையால் அணைத்துப் பிடிக்கவில்லை என்றால் ஸ்பிரிங் துள்ளி ஓடிவிடும். ஸ்பிரிங்குக்கு மேல் கீழ் உண்டு, தகட்டுக்கு முன் பின் உண்டு. மாற்றிப் போட்டால் தோட்டா மேலே வராது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது பழகியது. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இட்லித் தட்டைக் கழுவத் தெரியும் என்று யாராவது பெருமைப்படுவார்களா?

ஆனால் எங்கள் கிளப்பில் அது பெரிய வித்தை. திண்டுக்கல்லில் இருந்து கன்னிவாடி போகும் வழியில், ஒரு தென்னந்தோப்பின் கடைசியில் இருக்கிறது கிளப். தோப்பு கிளப் தலைவருடையது. குண்டு போய்ப் புதையும் மண்மேடு அவருடையது, கூரை அவருடையது, பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ரைஃபிள்கள் கிளப்புடையவை என்றாலும் சாவி அவருடையது. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். சொந்தமாக ரைஃபிள் வாங்குகிற வசதி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அதனால் கிளப் ரைஃபிளில்தான் சுடுவேன். அதற்குக் கூலியாக எல்லா மேகசின்களையும் நான் சுத்தம் பண்ண வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுட்டு முடித்ததும் மேகசினை என் பக்கமாக வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பந்தியில் சாப்பிட்ட இலையை விட்டு எழுந்து போவது போல.

நானும் செய்தேன். கரியும், தோட்டாவின் மெழுகும், தோப்புச் செம்மண்ணும் சேர்ந்து உள்ளே அப்பியிருக்கும். பழந்துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்து, ஸ்பிரிங்கைச் சுருள் சுருளாகத் துடைத்து மாட்டி வைப்பேன். மேகசினுக்குள் எண்ணெய் என்பது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கென்று விற்கிற எண்ணெயைத்தான் போட வேண்டும். இதைத் தலைவருக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"எண்ணெ இல்லாம எதும்மா ஓடும்? என் முழங்காலே ஓடாது," என்றார்.

அவருடைய தோப்புத் தேங்காய், அவருடைய செக்கு, அவருடைய எண்ணெய். தலைக்கு அதுதான், மூட்டுவலிக்கு அதுதான், கேட்டுக் கீலுக்கும் அதுதான். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புவார். துப்பாக்கிக்கும் அதையே ஊற்றுவார். சித்திரை வெயிலில் ஊற்றியபோது மண் ஒட்டியதைத் தவிர வேறு கேடு நடக்கவில்லை. அதனால் தன் எண்ணெய்க்குத் துப்பாக்கி சாஸ்திரமும் தெரியும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

இன்னொரு கூத்தும் உண்டு. போட்டி நாளில் தோட்டாவைத் தலைவர்தான் போடுவார். ஒவ்வொரு மேகசினிலும் ஐந்து தோட்டாவை அவர் கையாலேயே அமுக்கி, தட்டில் அடுக்கி, கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பது மாதிரி ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார். அவருக்குக் கைராசியாம். வாங்குகிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான். நான் ஒரு கையால் வாங்குவேன். அதையும் கவனித்து வைத்திருந்தார்.

போன மார்கழியில் வந்தது அந்தப் போட்டி. மாநிலப் போட்டிக்குக் கிளப்பில் இருந்து ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். அந்த ஒரு பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. வெறி என்றே சொல்கிறேன். கல்லூரியில் படிக்கும்போது இதே வாய்ப்பு வந்தது. அந்த வாரம்தான் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா போக விடவில்லை. இப்போது நாற்பதைத் தொடப் போகிறேன். கண் இன்னும் தெளிவாக இருக்கிறது, கை நடுங்கவில்லை. இனி எத்தனை வருடம் அப்படி இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

எனக்கு எதிராக நிஜமாகச் சுடக்கூடியவர் யாரும் இல்லை. ஆனால் தலைவரின் மருமகன் இருந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. வெளிநாட்டு ரைஃபிள், அதற்கென்று ஒரு பெட்டி, பெட்டிக்கு உள்ளே வெல்வெட். அந்த ரைஃபிளை அவர் ஒரு நாளாவது தன் கையால் துடைத்துப் பார்த்தவரில்லை. அதன் மேகசினும் என் பக்கமாகத்தான் வரும். தலைவருக்கு அவரை மாநிலப் போட்டிக்கு அனுப்பிப் பார்க்க ஆசை. குரங்கு கையில் பூமாலை கொடுக்கிறவர்களுக்கு, மாலையைவிடக் குரங்கின் மேல்தான் பிரியம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் முதல் பூசை முடிந்து நேராகத் தோப்புக்குப் போனேன். மேகசின்களை முந்தின நாள் மத்தியானமே சுத்தம் பண்ணி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மலைப் பக்கமிருந்து பனி இறங்கி, மண்மேடே மங்கலாகத் தெரிந்தது. தலைவர் சால்வை போர்த்திக்கொண்டு தட்டோடு வந்தார். என் கையில் மேகசினை வைத்தபோது தேங்காயெண்ணெய் வாசனை அடித்தது. அவர் தலையில் இருந்து வருகிறது என்று நினைத்தேன்.

போட்டி எளிமையானது. விரிப்பில் குப்புறப் படுத்து, முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் ஐந்து தோட்டாவையும் மேகசினில் இருந்தே சுட வேண்டும். கையால் ஒவ்வொன்றாகப் போடக்கூடாது. சிக்கிக்கொண்டால் சுடுகிறவரே சரி பண்ணிக்கொள்ளலாம், அடுத்தவர் தொடக்கூடாது. அதற்காக நேரம் நிற்காது. நடுவராக இருந்தவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தலைவர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தலைவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

விசில் அடித்தது. முதல் தோட்டா நன்றாகப் போனது. அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளினேன். காலியாகப் போய்ச் சாத்திக்கொண்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி காலி. மேகசினைக் கழற்றிப் பார்த்தால் தோட்டாக்கள் உள்ளே சோர்ந்து கிடந்தன. விரலை விட்டேன். வெள்ளையாக, நெய் மாதிரி உறைந்து வந்தது.

முந்தின நாள் நான் போனதும் மனிதர் எல்லா மேகசினிலும் தன் எண்ணெயை ஊற்றியிருக்கிறார். போட்டியாயிற்றே, சும்மா விடுவாரா? மார்கழிக் குளிரில் குளியலறைப் பாட்டிலில் இருக்கிற தேங்காயெண்ணெய் என்ன ஆகும் என்று திண்டுக்கல்லில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். வெயிலில் வைத்துத்தானே தலைக்குத் தேய்த்து அனுப்புகிறோம்? தென்னந்தோப்பை வைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்குத் தெரியவில்லை. துப்பாக்கிக்குள் போனால் மரியாதைக்கு உறையாமல் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் கை ஆத்திரப்படவில்லை. தோட்டாக்களை விரிப்பில் உதறினேன், மூடியை நகர்த்தினேன், ஸ்பிரிங்கை உள்ளங்கையில் வாங்கினேன். துப்பட்டா நுனியால் கூட்டையும் ஸ்பிரிங்கையும் தகட்டையும் வழித்துத் துடைத்தேன். மாட்டி, விரலால் அமுக்கிப் பார்த்தேன். தகடு எழும்பியது. தோட்டாவைப் போட்டுக் குப்புறப் படுத்தேன்.

அப்போதுதான் பக்கத்து விரிப்பில் இருந்து சத்தம் வந்தது. மருமகன் தன் மேகசினைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார், ஊறுகாய் பாட்டிலைத் தட்டுவது போல. "ஏனுங்க மாமா, வரமாட்டேங்குதுங்க!" என்று அழுகிற குரலில் சொன்னார்.

தலைவர் என் பின்னால் வந்து நின்றார். "டீச்சரம்மா, செத்த அதையும் பிரிச்சுத் தொடச்சுக் குடுத்திருங்க. பாவம், அவருக்குப் பழக்கமில்ல."

என் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னோடு போட்டி போடுகிற ஆளின் மேகசினை, போட்டியின் நடுவில், நான் எழுந்து சுத்தம் பண்ணிக் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் இதைக் கூச்சமே இல்லாமல், குழம்புக் கரண்டியை எடுத்துக் கொடு என்பது போலக் கேட்டார். நான் திரும்பவில்லை. மிச்சத் தோட்டாக்களையும் சுட்டு முடித்தேன். அதற்குப் பிறகுதான் இரண்டாவது விசில் அடித்தது. என் குறி அட்டையில் எல்லாத் துளையும் உள்வட்டத்தைச் சுற்றியே இருந்தது. மருமகனின் அட்டையில் ஒரே ஒரு துளை, ஓரத்தில்.

டீ குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. ஆயுதக் கோளாறாம். அதனால் போட்டி செல்லாதாம். பொங்கல் கழித்து மறுபடி நடக்குமாம். நடுவர் தலையை ஆட்டினார். கோளாறை ஊற்றியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் மட்டும் என்னைப் பார்க்காமல், எனக்குக் கேட்கும்படியாக, "ஒரு அவசரத்துக்கு ஒதவல பாத்தியளா? பொம்பளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது," என்றார்.

ஸ்கூட்டரில் வரும்போது அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். வீட்டுக்காரர் விட்டுத் தள்ளு என்றார். விட்டுத் தள்ளித் தள்ளித்தானே நாற்பது வயதுக்கு வந்து நிற்கிறேன்?

பொங்கல் முடிந்ததும் தலைவர் போன் பண்ணினார். குரலில் வெல்லப்பாகு வழிந்தது. "டீச்சரம்மா, நாளைக்குப் போட்டி. செத்த வந்து எல்லா மேகசினையும் ஒரு தடவ சுத்தம் பண்ணிருங்க. நம்ம மாப்ளதும் இருக்கு. சத்தியமா இந்தத் தடவ நான் எண்ணெய தொட மாட்டேன்."

போனேன். வாட்ச்மேன் பீரோவைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு மேகசினையும் பிரித்தேன். உறைந்த எண்ணெயும், அதில் ஒட்டிய மண்ணும், ஒரு கட்டெறும்பும்கூட இருந்தன. வெந்நீரில் போட்டு எடுத்து, துடைத்து, காயவைத்து, ஸ்பிரிங்கில் ஒரு பொட்டு சரியான எண்ணெய் தொட்டு வைத்தேன். அவ்வளவு சுத்தமாக அவை ஒருநாளும் இருந்ததில்லை. பிறகு கூடுகளை ஒரு பக்கம், ஸ்பிரிங்குகளை ஒரு பக்கம், தகடுகளை ஒரு பக்கம், மூடிகளை ஒரு பக்கம் என்று அவருடைய தாம்பூலத் தட்டிலேயே அடுக்கி பீரோவில் வைத்துவிட்டு வந்தேன். ஒன்றைக்கூட மாட்டவில்லை.

மறுநாள் காலையில் தலைவர் பீரோவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தார். ஒரு ஸ்பிரிங்கை விரலில் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது?"

"சுத்தமா இருக்கு ஐயா. பாருங்க."

"மாட்டலியே!"

"போட்டியில் அவரவர் மேகசினை அவரவர்தான் தொடணும். போன தடவை நீங்கதானே மறந்துட்டீங்க."

நடுவரைப் பார்த்தார்கள். அவருக்குக் காபி இன்னும் வந்திருக்கவில்லை. அதனாலோ என்னவோ, காக்கி போட்ட காலத்துக் குரல் அவருக்குத் திரும்ப வந்தது. "சட்டம் அதான். அவங்கவங்களே மாட்டிக்கங்க. எட்டரைக்கு விசில்," என்றார். தலைவர் கைராசியைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் தட்டில் இருந்து ஒரு கூடு, ஒரு ஸ்பிரிங், ஒரு தகடு, ஒரு மூடி எடுத்தேன். மாட்டினேன். போய் விரிப்பில் படுத்துக்கொண்டேன். பின்னால் தட்டு உருண்டது, ஸ்பிரிங்குகள் துள்ளின, பெரிய மனிதர்கள் மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள். மருமகன் தகட்டைத் தலைகீழாகப் போட்டு மூடியை முட்டியால் இடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் அருகில் வந்து குனிந்தார்.

"அக்கா, இது எந்தப் பக்கமுங்க? கொஞ்சம் மாட்டிக் குடுங்க."

"தெரியலைங்க. எனக்குப் பழக்கமில்லை," என்றேன்.

விசில் அடித்தது. ஐந்தும் சுட்டேன். மருமகனுக்குக் கேரளாவுக்கு லோடு ஏற்றுகிற அவசரம் வந்துவிட்டது, வெல்வெட் பெட்டியோடு கிளம்பிப் போனார். மேகசினை எப்படியோ மாட்டிவிட்ட இன்னும் இரண்டு பேர் சுட்டார்கள், என் பக்கத்தில் வரவில்லை. நடுவர் என் அட்டையில் கையெழுத்துப் போட்டார். என் பெயரைத் தலைவர் தன் வாயால் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தார்.

எல்லோரும் வழக்கம்போல டீ குடிக்கப் போனார்கள், மேகசின்களை வழக்கம்போல என் பக்கம் வைத்துவிட்டு. நான் என்னுடையதை மட்டும் பிரித்தேன். துடைத்தேன். தட்டில் கூட்டைக் கூடுகளோடும், ஸ்பிரிங்கை ஸ்பிரிங்குகளோடும், தகட்டைத் தகடுகளோடும், மூடியை மூடிகளோடும் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.