ஸ்ரீராம்புரத்தில் அம்மா எடுத்த திருவிருந்து

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தமிழ் ஆராதனைக்குப் போக வழி கேட்டிருந்தீர்கள். போன மாதம் முதல் ஞாயிறு நான் போய்வந்த வழியை எழுதுகிறேன். ஊர் சுற்றப் போன பயணம் அல்ல. என்னை வேலையை விடவைத்து அழைத்துப்போக அம்மா ஆம்பூரிலிருந்து வந்திருந்தார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வயதில் எனக்கு ஜன்னி கண்டு, பிழைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்களாம். பிழைத்தால் இவளைக் கர்த்தருக்கு முழுநேர ஊழியத்துக்கே தருகிறேன் என்று அம்மா பொருத்தனை செய்தார். பிழைத்தேன். எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, பெங்களூருக்கு வேலைக்கும் வந்துவிட்டேன். போன வருடம் ஷூ கம்பெனி மெஷினில் அப்பாவுக்கு இரண்டு விரல் போயிற்று. வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஒருவர், "செலுத்தாத பொருத்தனை ஒண்ணு இந்த வீட்ல இருக்கு. அதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா, கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தை எடுப்பதில்லை. "நீதான் காரணம், நீதான் காரணம்னு உள்ள ஒருத்தன் சொல்லிட்டே இருக்கான்டி" என்பார். அப்பாவின் கையைப் பார்த்த பிறகு எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. பொதுவாகவே எனக்குச் சத்தம் எழும்பாது. திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்று பேச்சு. சனிக்கிழமையே நான் தங்கியிருந்த பி.ஜி. அறையில் என் பெட்டியைக் கட்டிவிட்டோம்.

ஞாயிறு காலை ஆறரைக்கு மெஜஸ்டிக் பஸ். இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். மேம்பாலத்துக்குத் தூண் எழுப்புகிற வேலை நடப்பதால் சில்க் போர்டு சந்திப்பு வரை ஊர்ந்துதான் போனோம். கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். மெஜஸ்டிக்கிலிருந்து ஸ்ரீராம்புரத்துக்கு ஆட்டோ, இருபது ரூபாய். டிரைவர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "தமிழ் கோயிலா? சந்து முனையில எறக்கி விடறேன். உள்ள வண்டி போவாது, கொடம் வச்சிருப்பாங்க" என்றார். நிஜமாகவே சந்து முழுக்கத் தண்ணீர்க் குடங்கள் வரிசையில் நின்றன. அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனோம்.

கோயில் சின்னது, கூட்டம் பெரியது. சுவரோரமாக உள்ளே தள்ளி உட்காரவைத்தார்கள். பிரசங்கம் முடிந்து ஒரு பாட்டு பாடும்போது, திருவிருந்து எடுக்காதவர்கள் வெளியே போய்விடுவது வழக்கம். அம்மாவும் எழுந்தார். பெஞ்சின் ஓரத்தில் அம்மா வயதில் ஒரு பெண்மணி, முழங்காலை முன்பெஞ்சில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் வழி விடுங்க."

"எங்க போற? பந்தியே இன்னும் ஆரம்பிக்கல."

"நான் எடுக்கறதில்ல."

"ஏன், டாக்டர் வேணாம்னுட்டாரா?"

முன்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அம்மா குரலைத் தாழ்த்தி, "பொருத்தனை ஒண்ணு பாக்கி நிக்குது. அந்தக் குத்தம் எங்க வீட்டு மேல இருக்கு" என்றார்.

"யாரு சொன்னா?"

"ஜெபம் பண்ண வந்தவரு."

"அவரா உனக்காகச் சிலுவையில தொங்கினாரு?"

அந்தப் பெண்மணி முழங்காலை ஒதுக்கினார். "நான் மட்டும் யோக்கியமா? காலைல கொழாயடியில ஒருத்தி கொடத்த ஒதைச்சிட்டு, கோயிலுக்கு வர்ற வழியில மன்னிப்புக் கேட்டுட்டு வந்திருக்கேன். போறதுன்னா போ. நான் புடிச்சி வைக்கல."

நடைபாதையில் அம்மா நின்றார். இடது பக்கம் வாசல், செருப்புகள், வெயில். வலது பக்கம் பீடம். பாட்டு முடிந்துவிட்டது. வெளியே போகிறவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். அம்மா வலது பக்கம் திரும்பினார். நான் பின்னாலேயே போனேன்.

அதன் பிறகு பார்த்ததை எப்படி எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை. பீடத்தின் முன் வரிசையாக முழங்காலிட்டோம். போதகர் ஒவ்வொருவர் முன்னும் நின்று, இது உனக்காகப் பிட்கப்பட்டது, இது உனக்காகச் சிந்தப்பட்டது என்று ஒரே வார்த்தையை, ஒரே நிதானத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை. ஷூ ஒட்டுகிற பசை விரல் இடுக்குகளில் ஏறிக் கறுத்த அம்மாவின் இரண்டு கைகளும் ஏந்தியபடி இருந்தன. அந்தக் கைகளில் அப்பம் வந்து விழுந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். ஆனால் "உனக்காக" என்பது ஒரு ஆளைத் தேடி வந்து, அந்த ஆளின் கையில் இறங்குவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலே மூச்சுப் பிடித்து நிற்பதுபோல் இருந்தது.

திரும்பும் பஸ் லால்பாக்கைத் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "சிலுவையில அவரு தன்னையே குடுத்துட்டாரு. நான் உன்னக் குடுத்துத் தப்பிக்கப் பாத்திருக்கேன்டி."

"உள்ள பேசறவன்?"

"பேசுவான். பேசட்டும். இனிமே சொல்றதுக்கு என்கிட்டயும் ஒண்ணு இருக்கு." என் பக்கம் திரும்பி, "நாளைக்கு உனக்குக் கம்பெனி வண்டி எத்தன மணிக்கு?" என்றார்.

ஏழே காலுக்கு என்றேன். அறைக்கு வந்ததும் என் பெட்டியை அவரே பிரித்தார்.

போகிறவர்களுக்கு: ஆராதனை எட்டரைக்கு, திருவிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும். சில்லறை கொண்டுபோங்கள். சந்தில் குடங்களைப் பார்த்து நடங்கள். உங்களோடு வருகிறவர் பாதியில் எழுந்துபோகிற ஆளாக இருந்தால், சுவரோரமாக உட்காரவையுங்கள்.